அவருக்கு வெட்டிய இளநீர்

உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் ராமுத்தாயை அந்தமானுக்குக் கூட்டிவந்திருந்தது. கூட வந்தது புருஷன் கந்தவேல் ஒருவர்தான் என்றாலும் அனுப்பிவைத்தது குடும்பம் மொத்தமும். பதினாலு மாசம் படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமனாரை ஒண்டியாய்ப் பார்த்தவள், கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறாள், ஒரு மாறுதல் வேணும், நல்ல காற்று வேணும் என்று சொல்லி, சென்னையில் இருக்கும் மூத்தார் தர்மர், அதாவது கந்தவேலின் அண்ணன், விமான டிக்கெட்டிலிருந்து கடலோரக் குடிசை வரைக்கும் எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துவிட்டார். குடிசை என்று பேர்தான், உள்ளே ஏசி இருந்தது. தீவும் போட்டோவில் காட்டிய மாதிரியே இருந்தது, பச்சைத் தண்ணீரும் வெள்ளை மணலுமாக, ஒரு குறை சொல்ல முடியாமல். குறை சொல்ல முடியாத இடத்தில் மனுசி என்ன செய்வாள், தனக்குள்ளே இருப்பதைத்தான் தோண்டிக்கொண்டு உட்காருவாள். மணி மூன்றிருக்கும். ராமுத்தாய் ஒரு பெரிய மரத்தடியில் சாய்வுப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு இளநீர் இருந்தது. தன்னுடையதை அவள் குடித்து முடித்தாயிற்று, இது அவருக்கு வெட்டியது. கந்தவேல் நாற்பது அடி தள்ளி, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, காதில் போனை வைத்தபடி தண்ணீர் ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். வெட்டும்போது பக்கத்தில்தான் நின்றார். அவள் வாங்கி நீட்டப்போன நேரத்தில் போன் வந்துவிட்டது. வந்ததா, வந்ததாக எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாரா என்று அவளுக்குச் சந்தேகம். மணி அடித்த மாதிரித் தெரியவில்லை.

குடிப்பாரா மாட்டாரா என்பதுதான் விஷயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பத்துநாலு வயசுப் பொம்பளை, இத்தனை கடலைத் தாண்டி வந்து, தன் கையிலிருந்து புருஷன் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பானா என்று காத்துக்கொண்டு கிடக்கிறாள். நாளைக் காலையில் படகு, அப்புறம் விமானம், அப்புறம் ஊர், கரிசல் புழுதி, அதே வீடு. இங்கே நடக்காவிட்டால் அங்கே எங்கே நடக்கப்போகிறது. வந்து இறங்கிய அன்றைக்கு வாசலிலேயே ஓட்டல்காரர்கள் இளநீர் கொடுத்தார்கள். வரவேற்பாம். செம்பருத்திப் பூவைச் செருகி, ஸ்ட்ரா போட்டு, ஒரு வடக்கத்திப் பெண் இரண்டு கையாலும் நீட்டினாள். ராமுத்தாய்க்குத் திக்கென்றது. தனக்காக இல்லை, அவர் எப்படி வாங்குவார், கை நடுங்குமா, முகம் கோணுமா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். கந்தவேல் சிரித்துக்கொண்டே வாங்கினார். பூவை எடுத்துக் காதில் வைத்து விளையாட்டுக் காட்டினார். ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு, "சூப்பர்ம்மா" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தது. அப்போதுதான் ராமுத்தாய்க்கு உறைத்தது. இளநீர்மேல் இந்த மனுசனுக்கு ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் இந்தக் கைமேல்தான். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கட்டைவிரலில் அரிவாள்மணைத் தழும்பு, மணிக்கட்டில் குழம்பு தெறித்த பழைய சூட்டுக்காயம், வளையலுக்குக் கீழே காய்த்துப்போன தோல். இருபத்தொன்பது வருசமாக அவருக்குச் சோறு போட்ட கை.

எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால் மாமனார் கருமாதி முடிந்த மறுநாள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் காபி ஆற்றி வைத்தாள். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். சரிதான், பத்து நாள் கண்டபடி சாப்பிட்டது என்று விட்டுவிட்டாள். மறுநாளும் வயிறு ஒரு மாதிரியாக இருந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய ரிப்பேர்க் கடையில் அவசரமாக ஒரு மோட்டார் வந்திருந்தது, செம்புக் கம்பி சுற்ற வேண்டும், நேரமில்லை. அப்புறம் பார்த்தால் பானையிலிருந்து தண்ணீரை அவரே மொண்டு குடிக்கிறார். டம்ளரைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி கழுவி மொண்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், "நீயும் போட்டுக்க, சேந்து சாப்புடுவோம்" என்பார். இருபத்தொன்பது வருசத்தில் சொல்லாத வார்த்தை. முதல் நாள் அவளுக்கு முகம் சிவந்துகூடப் போயிற்று, இந்த வயசில் என்ன கொஞ்சல் என்று. ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் முதல் வாய் எடுத்து, மென்று, தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் அவர் கை சோற்றுக்குப் போனது. ஒரே சட்டி, ஒரே கரண்டி, அப்படியும் அவள் விழுங்கிவிட்டாளா என்று பார்க்கிறார். முகம் சிவந்ததை நினைத்து அன்றைக்கு ராமுத்தாய்க்கு ஏற்பட்ட வெட்கம் இருக்கிறதே, அதற்கு அவர் அவளைச் செருப்பால் அடித்திருக்கலாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றுபோயிற்று. கல்யாணமான முதல் சனியிலிருந்து அவள்தான் தேய்த்துவிடுவாள், முக்காலியில் அவர் உட்கார, தலையில் நல்லெண்ணெயை வைத்துச் சூடு பறக்கத் தட்டுவாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைக் கதை சொல்வார். இப்போது தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எண்ணெய்க்கு வேலையில்லை பாரு" என்று தடவிக் காட்டினார். அதைச் சொல்லும்போது இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. சற்றுமுன் தண்ணீர் நின்ற இடத்தில் செத்த பவளம் எலும்பு மாதிரி வெளியே தெரிந்தது. ஒரு புதுமணப் பெண் நிறம் மங்காத மருதாணியோடு அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். இளநீர் வெட்டுகிற சேசுராஜ், அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்தவராம், வண்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அதை ஏன் மடியில வச்சுத் தூக்கிக்கிட்டு இருக்கீக? சூடாயிரும். சார் வரட்டும், வேற ஒண்ணு வெட்டி நானே கையில குடுத்துர்றேன்."

"வேணாம்ணே. இதுவே இருக்கட்டும். நான் குடுத்துக்கிறேன்."

"உங்க இஷ்டம்" என்று அவர் அரிவாளைத் துடைக்கப் போய்விட்டார். நானே கையில் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். கொடுத்தால் குடிப்பார், சொட்டு விடாமல் குடிப்பார். நேற்றும் குடித்தார், முந்தாநாளும் குடித்தார். ஓட்டல் பையன் கொண்டுவந்த ஜூஸ், படகில் எவனோ நீட்டிய தண்ணீர் பாட்டில், பக்கத்து மேசை குஜராத்தி அம்மாள் கிள்ளிக் கொடுத்த இனிப்பு, எல்லாம் உள்ளே போகிறது. ஊர் பேர் தெரியாதவர்கள் கையெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ராமுத்தாய் இளநீரின் வெட்டிய வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள், மணல் விழாமல் இருக்க.

காலையில் எண்ணெய் மசாஜுக்குக் கூட்டிப்போனார்கள். அதுவும் மூத்தார் ஏற்பாட்டில் சேர்த்திதான். மூங்கில் தட்டி போட்ட அறை, சின்ன விளக்கு, எங்கிருந்தோ புல்லாங்குழல். கேரளத்துப் பெண் ஒன்று, இருபத்தைந்து வயசு இருக்கும், "ரிலாக்ஸ் ஆயிக்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு எண்ணெயை நெற்றியில் விட்டது. இளஞ்சூடு. வழிந்து காதோரம் இறங்கியது. கையில் வேகம் போதாது, ராமுத்தாய் மனசுக்குள் திருத்தினாள், உச்சியில் வைத்து அழுத்த வேண்டும், பிடரியில் தங்க வேண்டும், இப்படித் தடவிக்கொடுத்தால் எண்ணெய் எப்படி இறங்கும். தேய்க்கத் தெரிந்த கை தனக்கு என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை பாதி வழியில் எங்கே போய் முட்டும் என்று தெரிந்ததும் சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்த்தது கதவை. கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியை. அங்கே யாருடைய காலும் தெரியவில்லை. "எந்தா அம்மா, வேதனிச்சோ?" என்று அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டது. ஒன்றுமில்லை தாயி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லாமல் என்ன. ஊரில் அதற்குத் தனியாக ஒரு பேர் உண்டு, வீட்டுக்குள் யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள். குளிப்பாட்டுறது என்று மட்டும் சொல்வார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற கிழடுகட்டைகளை விடிகாலையில் தூக்கி உட்காரவைத்து, தலை கொள்ளாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வயிறு கொள்ளாமல் இளநீர் கொடுப்பது. அதற்கப்புறம் காய்ச்சல் வரும். அதற்கப்புறம் சாவுக் கொட்டு வரும். கேட்டால் வயசாகிவிட்டது, குளிர்ந்துபோச்சு என்பார்கள், யாரும் மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பதினாலாவது மாசம் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். பேச்சு விழுந்துபோன மனுசன், ஒரு பக்கம் கட்டை, முதுகில் புண். நாத்தனார்கள் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு, பெத்த தகப்பனுக்கு எங்க கையால முடியாதப்பா என்றார்கள். மூத்தார் பெண்டாட்டிக்கு பிரஷர். மூத்தார் ஆம்பளை, அதுவும் ஊருக்குப் பெரிய மனுசர். கடைசியில் எல்லாக் கண்ணும் அடுப்படி வாசலில் நின்றவள்மேல் வந்து நின்றது. "உன் கைதான் அவருக்குப் பழக்கம்" என்றார் மூத்தார். எத்தனை மரியாதையாகச் சொன்னார். கந்தவேல் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ செஞ்சா அவருக்கு வித்தியாசம் தெரியாது ராமு" என்றார். தெரியாது என்று யார் சொன்னது. பதினாலு மாசம் ஈரத்துணியால் துடைத்து, கரண்டிக் கஞ்சியாய் ஊட்டி, புரட்டிப் போட்டு, பீ மூத்திரம் எடுத்த கை. அந்தக் கை ஒரு நாளைக்கு வேறு மாதிரி வந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அவள் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பைத் திருப்பிவிடுவாள். மருதாணிப் பெண்ணைப் பார்த்தாள். மணலில் ஒரு சின்ன நண்டு ஓடி வளைக்குள் போய், மறுபடி வெளியே வந்து பார்த்ததைப் பார்த்தாள். திருப்பினாலும் அது சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கும். அன்றைக்குப் புதன்கிழமை. எண்ணெய் தேய்க்கும்போது மாமனார் கண்ணை மூடிச் சுகமாக இருந்தார், நல்ல பாதி உதடு லேசாக விரிந்தது. குளிப்பாட்டித் துவட்டி, முதுகைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கிண்ணத்திலிருந்து ஊற்றினாள். முதல் இளநீர் போயிற்று, ரெண்டாவது போயிற்று, மூன்றாவதில் பாதி போயிருக்கும். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பதினாலு மாசமாக ங்ங் என்ற சத்தத்தைத் தவிர வேறு வராத வாயிலிருந்து தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிவாக, "போதும் தாயி" என்றார். பேச்சு வந்துவிட்டது. பேச்சு வந்தால் கையும் வரும், காலும் வரும், எத்தனை பேருக்கு வந்திருக்கிறது. அவள் என்ன செய்திருக்க வேண்டும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏங்க இங்க வாங்க, மாமா பேசுறாக என்று வீடே அதிரக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தோன்றியது அது இல்லை. இன்னும் எத்தனை வருசம் என்பதுதான் தோன்றியது. பேசுகிறவர் சோறு கேட்பார், தண்ணீர் கேட்பார், ராத்திரி பூராவும் கூப்பிடுவார். "இன்னும் ஒரே ஒரு மடக்கு மாமா" என்று சொல்லி ஊற்றினாள். அவர் குடித்தார். அவள் கொடுத்தால் குடிக்கிற பழக்கம், குடித்தார். அவள் பாவிதான். அதை அவளே சொல்லிக்கொள்வாள், யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் கதவுக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. அந்த அறைக் கதவு தரையோடு படியாது, நான்கு விரல் இடைவெளி இருக்கும். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தாள். வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போன கால், மோட்டார் விழுந்து நசுங்கிய நகம். கந்தவேல் நின்றிருந்தார். வந்தது எப்போது என்று தெரியாது, போதும் தாயி என்றதைக் கேட்டாரா என்று கேட்கவேண்டியதில்லை, கேட்டிருக்கிறார். கேட்டதனால்தான் டம்ளரைத் தூக்கிப் பார்க்கிறார். தகப்பன் போதும் என்று சொன்ன பிறகும் ஊற்றினாளே, இவள் எனக்கும் ஊற்றுவாள் என்று பயம். சரி, பயப்படட்டும், நியாயம்தான். ஆனால் தாழ்ப்பாள் போடாத கதவு அது. ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். பெத்த மகன், பதினாலு மாசம் கழித்து அப்பன் குரலைக் கேட்டவன், ஒரு விரலைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தக் கால் இரண்டும் சத்தமில்லாமல் நகர்ந்து போயிற்று. அந்தக் காலோடு சேர்த்து அவளும் எல்லாவற்றையும் மறந்துவிடத் தயார்தான். ரெண்டு பேரும் செய்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கிக் குடித்தால் போதும். இல்லையென்றால் பழி பூராவும் அவள் ஒருத்தி தலையில் கிடக்கிறது, அவர் சுத்தமாக வெளியே நிற்கிறார்.

வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. இந்த ஊரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். ஒரு பாறையில் வழுக்கி, கையைக் காற்றில் துழாவி நின்றுகொண்டார். விழுந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. விழுந்து, இடுப்போ காலோ போய், படுக்கையில் கிடந்து, அப்புறம் யார் கையால் குடிப்பார் என்று பார்க்கலாம். அப்போது டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க முடியாது. வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். கரண்டியை உதட்டோரம் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள், கண் எப்படி உருளுகிறது என்று பார்க்க. இப்படி நினைக்க அவளுக்கு இனிப்பாக இருந்தது. இனிப்பாக இருந்ததைப் பார்த்து அவளுக்கே குளிர்ந்தது. அவர் பயப்படுகிற பொம்பளை இவள்தானோ, அவர் பார்த்துப் பார்த்தே இவளை உண்டாக்கிவிட்டாரோ என்று நினைத்தாள். இல்லை, உண்டாக்கவெல்லாம் இல்லை, முன்னாலேயே இருந்தவள்தான். நல்ல சாப்பாடும் நல்ல காற்றும் கிடைத்ததில் அவளுக்கும் உடம்பு தேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் அவள் கையால் இன்னும் பயமில்லாமல் சாப்பிடுகிற ஆள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மாமியார். எண்பத்தொரு வயசு, காது மந்தம், மற்றதெல்லாம் கூர்மை. கருமாதி அன்றைக்கு நாத்தனார்கள் தங்களுக்குத் தாங்களே பரிமாறிக்கொண்டார்கள், மூத்தார் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஓட்டலில் வாங்கிக்கொடுத்தாள். கிழவி மட்டும் அடுப்படியில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து, தட்டை ராமுத்தாய் பக்கம் தள்ளி, "போடு தாயி, பசிக்கி" என்றாள். தெரியாமல் இல்லை. தன் மாமியாரை அவள் காலத்தில் அவளும் குளிப்பாட்டியிருப்பாள், யார் கண்டது. ராமுத்தாய் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள், கிழவி மளமளவென்று தின்று ஏப்பம் விட்டாள். அன்றைக்கு அழுத மாதிரி மாமனார் செத்ததற்குக்கூட ராமுத்தாய் அழவில்லை. விமானத்துக்குக் கிளம்பும்போது கிழவி வாசல் வரை வந்து, "சட்டுனு வந்துரு. நீ இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது" என்றாள்.

கந்தவேல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார். கையை நீட்டினாலும் தொட முடியாத தூரம்.

"அண்ணன்தான்" என்றார்.

"என்னவாம்?"

"அம்மா விழுந்துட்டாக. துவைக்கிற கல்லுகிட்ட பாசி வழுக்கிருச்சு. இடுப்பெலும்பு போச்சு."

"எப்ப?"

"முந்தாநா. உன்னைய நிம்மதியா இருக்க விடணும்னு சொல்லலை." அவர் சுருட்டிய கால்சட்டையை இறக்கிவிட ஆரம்பித்தார். "டாக்டரு இந்த வயசுல ஆபரேசன் தாங்காதுன்னுட்டாரு. இனிமே படுக்கைதான். சாப்புடவும் மாட்டேங்குறாகளாம். உன்னையத்தான் கேக்குறாக."

ராமுத்தாய் இளநீரை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அய்யாவுக்கு இழுத்த மாதிரி இழுக்க வேணாம்னு அண்ணன் சொல்றாரு. எல்லாருக்கும் அதுதான் சரின்னு படுது. அம்மா உன் கையில மட்டுந்தானே வாங்குறாக." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீயும் இப்ப நல்லாத் தேறிட்ட."

அவள் அவருடைய பாதத்தைப் பார்த்தாள். மணல் ஒட்டியிருந்தது. அத்தை முகம் வந்தது, தட்டைத் தள்ளுகிற கை வந்தது. பொறு என்று அதை ஓரமாக நிறுத்தினாள். மடியிலிருந்த இளநீரை எடுத்து, விளிம்பில் ஏறியிருந்த எறும்பைச் சுண்டிவிட்டு, இரண்டு கையாலும் அவர் பக்கம் நீட்டினாள்.

"இதைக் குடிங்க."

"ராமு, இப்ப..."

"குடிங்க. நான் செய்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் நாற்பத்தேழு நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார். இளநீரைப் பார்த்தார். வண்டிப் பக்கம் திரும்பி சேசுராஜைப் பார்த்தார், அவர் வேறு யாருக்கோ வெட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கையை நீட்டினார். விரல்கள் அவள் விரல்மேல் பட்டன, சில்லிட்டிருந்தன. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். தொண்டைக் குமிழ் ஏறி ஏறி இறங்கியது. வாயோரம் வழிந்து சட்டையில் சொட்டியது. ராமுத்தாய்க்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம், நெஞ்சு விம்முகிற சந்தோஷம். அதற்கு என்ன கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரியும், அந்தக் கிழவியைக் கொடுத்தாள். தெரிந்தும் அந்தத் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு அவர் காயை மணலில் வைத்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

உடனே போனை எடுத்தார். எழுந்து இரண்டடி நடந்து, "அண்ணே, சரின்னுட்டா. ஆமா. ஊருக்கு வந்ததும் பாத்துக்கலாம், நீங்க எண்ணெய்க்கு மட்டும் சொல்லி வைங்க" என்றார். போனை வைத்துவிட்டு அவளிடம், "முகம் கழுவிட்டு வர்றேன்" என்று சொல்லி, குடிசைப் பக்கம் போகாமல், கடற்கரைக் கோடியில் இருந்த தாழம்புதர்ப் பக்கம் வேகமாக நடந்தார். பாதி தூரம் நடந்தவர் ஓடினார். புதருக்குப் பின்னால் முழுசாக மறையவில்லை, குனிந்த முதுகும் முழங்கையும் தெரிந்தன. விரலைத் தொண்டைக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். ஓக்காளச் சத்தம் மரத்தடி வரை வந்தது. ஒரு தடவை வாந்தி எடுத்து, நிமிர்ந்து மூச்சு வாங்கி, போதவில்லை என்று மறுபடி விரலை விட்டார்.

சேசுராஜ் அரிவாளோடு எழுந்து நின்று பார்த்தார்.

"சாருக்கு என்னம்மா ஆச்சு? காய் கெட்டுப்போச்சா?"

"காய் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ராமுத்தாய். "அவருக்கு ஒத்துக்கலை."

மணலில் கிடந்த காயை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டாகப் பிளந்து, மட்டையில் ஒரு சிம்பு சீவிக் கரண்டி மாதிரி கொடுத்தார். நல்ல வழுக்கை. அவள் உட்கார்ந்து வழித்து வழித்துத் தின்றாள்.